சங்கிலியை அடகு வைப்பதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள்

வாசகி எழுதியது

பாலக்கோடு வட்டத்திலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டதால் இரண்டையும் விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வீட்டிலிருந்தபடியே கணினியில் படம் வரைந்து சம்பாதிக்கிறார். சிறுவர் புத்தகங்களுக்கு ஓவியம், கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெண் கேலிச்சித்திரம், காவேரிப்பட்டணம் பக்கத்து மாம்பழ மண்டிகளுக்குப் பெட்டி லேபிள், ஆடி பிறந்தால் கோயில் ஃபிளெக்ஸ். சிஸ்டம் 2015-இல் தருமபுரியில் அசெம்பிள் செய்தது. இன்டெல் ஐ5 4460, எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், 2 ஜிபி ஜிடி 730 கார்டு, பதினெட்டரை இன்ச் மானிட்டர். வரைவதற்கு வாக்கம் இன்டுவாஸ் பேட்.

ஆன் செய்தால் கையில் வர ஏழு நிமிஷம் ஆகிறதாம். பெரிய படத்தைச் சேவ் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு வேலையை முடித்துவிட்டு வரலாம் என்கிறார். பேனா ஓடிய பிறகுதான் கோடு பின்னால் வருகிறது. மாம்பழ மஞ்சள் திரையில் ஒரு மாதிரி, அச்சில் வேறு மாதிரி. விண்டோஸ் 10 காலாவதி என்று அடிக்கடி அறிவிப்பு வருகிறது, அது வைரஸா என்று கேட்கிறார். போகிற போக்கில் ஒரு வரி: "பத்து நாளா உள்ளே டக் டக்குனு சத்தம் வருது."

யோசனை சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. சர்வீஸ் கடைக்காரர், "போர்டு வீக் ஆயிடுச்சும்மா, புதுசு எடுத்துடுங்க" என்று 1,10,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் எழுதித் தந்திருக்கிறார். பழையதை 3,000-க்கு எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொள்வாராம். கணவர், செகண்ட்ஸ் ஐ7 ஒன்றும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் போட்டால் போதும் என்கிறார். ஓசூரில் வேலை பார்க்கும் கொழுந்தனார் கேமிங் லேப்டாப்பைத் தவணையில் எடுக்கச் சொல்கிறார். இவர் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைக்கலாமா என்ற யோசனையில் இருக்கிறார். ஃபோட்டோஷாப் கடைக்காரர் போட்டுக் கொடுத்தது, காசு கொடுத்து வாங்கியதில்லை என்பதையும் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறார். "மாத்தறதா, இதையே சரி பண்றதா? எதைச் செஞ்சாலும் பத்து வருஷப் படம் போயிடுமா?" என்பது அவர் கேள்வி.

முதலில் அந்தச் சத்தம்

சகோதரி, உங்கள் கடிதத்தில் அவசரமான வரி அந்த 'டக் டக்' தான். மாற்றுவதா சரி செய்வதா என்பதை அடுத்த மாதம்கூட முடிவு செய்யலாம். படங்களைக் காப்பாற்றுவதை இன்றைக்கே செய்ய வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் சுழலும் பொருள். உள்ளே தகடு சுற்றுகிறது, அதன்மேல் ஊசி போன்ற ஒரு முனை ஓடி ஓடிப் படிக்கிறது. பத்து வருஷம் ஓடிய டிஸ்க்கில் அந்த முனை தடுமாறத் தொடங்கினால் இப்படித்தான் சத்தம் வரும். சில சமயம் ஃபேன் இறக்கையில் ஒயர் உரசினாலும் இதே சத்தம் கேட்கும். பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒயர் இல்லை என்றால் டிஸ்க் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். முதலில் லேயரோடு (ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் தட்டுகள்) இருக்கும் மூலக் கோப்புகள், அதிலும் இன்னும் பணம் வராத வேலைகள். அடுத்து பழைய புத்தகப் படங்கள், குடும்பப் போட்டோ. சினிமாவும் பாட்டும் கடைசியில். காப்பி ஓடும்போது வேறு வேலை செய்யாதீர்கள். ஒரு கோப்பு நகராமல் நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாம் வெளியே வரும்வரை டிஃப்ராக், டிஸ்க் செக், ஃபார்மட் எதையும் யாரும் தொடக் கூடாது. தடுமாறும் டிஸ்க்கை இவை இன்னும் அலைக்கழிக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். மஞ்சளோ சிவப்போ காட்டினால் அந்த டிஸ்க்கை நம்பி இனி ஒரு படம்கூடச் சேமிக்காதீர்கள். சத்தம் தொடர்ச்சியாக வந்து டிஸ்க்கே தெரியாமல் போனால், திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காமல் நிறுத்திவிடுங்கள். டேட்டா மீட்பவர்களுக்கு மிச்சம் ஏதாவது இருக்க வேண்டும். அவர்கள் கேட்கும் தொகை புது டிஸ்க் விலையைவிடப் பல மடங்கு.

இதைச் செய்துவிட்டால் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. படம் எங்கேயும் போகாது.

போர்டு போச்சா?

தினமும் ஆன் ஆகிறது, மணிக்கணக்கில் ஓடுகிறது, நடுவில் தானாக அணைவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட போர்டை 'வீக்' என்று சொல்ல அவர் எதைப் பார்த்தார் என்று எனக்குப் புரியவில்லை. கெபாசிட்டர் உப்பியிருந்தால் கண்ணுக்கே தெரியும். சூடு என்றால் பிராசஸர் மேல் பேஸ்ட் காய்ந்திருக்கும், ஹீட்சிங்க்கில் தூசி அடைத்திருக்கும். சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் வைத்தால் தீரும். பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறைக்கு அருகே இருக்கும் சிஸ்டத்தைத் திறந்தால் உள்ளே மாவு மில் மாதிரி இருக்கும், ஆனாலும் போர்டு ஓடிக்கொண்டிருக்கும்.

எது இழுக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கம். அதைத் திறந்து வைத்தபடி வழக்கமான படம் ஒன்றை வரையுங்கள். சிஸ்டம் திணறும் நொடியில் டிஸ்க் நூறில் நின்றால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். மெமரி தொண்ணூறைத் தாண்டினால் ரேம். இரண்டும் சும்மா இருந்து சிபியு மட்டும் முட்டி நின்றால்தான் பிராசஸர் போதவில்லை என்று பொருள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு முதல் இரண்டும் சேர்ந்தே வரும் என்பது என் கணிப்பு. ரேம் நிரம்பினால் மிச்சத்தை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில்தான் கொட்டும். அதுவே நொண்டுகிறது, பிறகு எப்படி ஓடும்?

பேனாவுக்குப் பின்னால் கோடு வருவது தனிக் கதை. இதற்கு வன்பொருளே காரணமாக இல்லாமல் இருக்கலாம். ஃபோட்டோஷாப்பில் பிரஷ்ஷுக்கு 'ஸ்மூதிங்' என்று ஒரு அளவு உண்டு. அதை ஐம்பது, அறுபது என்று வைத்தால் கோடு வேண்டுமென்றேதான் பின்தங்கி வரும். பத்துக்குக் குறைத்துப் பாருங்கள். பேனாவை வைத்ததும் சின்ன வட்டம் ஒன்று திரையில் தோன்றினால், விண்டோஸின் பேனா அமைப்பில் 'அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக்' என்பதை அணையுங்கள். இந்த இரண்டுக்கும் ஒரு பைசா செலவில்லை.

ஃபிளெக்ஸுக்கு 300 எதற்கு?

எட்டுக்கு ஆறு அடி ஃபிளெக்ஸை "தரமா இருக்கணும்னு 300 டிபிஐ-ல" வரைகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சிஸ்டம் படும் பாட்டில் பாதி இங்கேதான்.

டிபிஐ என்பது ஒரு இன்ச்சில் எத்தனை புள்ளி என்ற கணக்கு. எட்டடி என்பது 96 இன்ச். ஆறடி 72 இன்ச். 300-ஆல் பெருக்கினால் 28,800-க்கு 21,600 புள்ளி, மொத்தம் 62 கோடிப் புள்ளி. ஒரு புள்ளிக்கு நான்கு பைட் என்று போட்டால், முழுக்க நிறம் நிரம்பிய ஒரே ஒரு லேயருக்கு ஏறக்குறைய 2.5 ஜிபி ரேம். பின்னணி, அம்மன், தோரணம் என்று மூன்று லேயர் போட்டதும் உங்கள் 8 ஜிபி காலி. கொட்டேஷனில் இருக்கும் புது சிஸ்டத்தையும் இந்தப் படம் மண்டியிட வைக்கும்.

அதே ஃபிளெக்ஸை 72-இல் வரைந்தால் லேயருக்கு 143 எம்பி, பதினேழில் ஒரு பங்கு. ரோட்டோரம் பத்தடி தள்ளி நின்று பார்க்கிற பேனருக்கு இது தாராளம். ஃபிளெக்ஸ் அடிப்பவரிடமே கேட்டுப் பாருங்கள், 300-இல் வரும் கோப்பை அவரே குறைத்துத்தான் மெஷினுக்கு அனுப்புகிறார். எழுத்தும் ஃபோன் நம்பரும் பிசிறில்லாமல் வர வேண்டுமென்றால் அவற்றை மட்டும் கோரல்டிராவிலோ இங்க்ஸ்கேப்பிலோ வெக்டராக (புள்ளியாக இல்லாமல் கோட்டு வடிவமாக) வையுங்கள்.

கையில் பிடித்துப் பார்க்கும் புத்தகத்துக்கும் லேபிளுக்கும் 300 வேண்டும், அதில் மாற்றமில்லை. ஏ4 பக்கம் 300-இல் லேயருக்கு சுமார் 35 எம்பி. எதிரெதிர் இரண்டு பக்கம் சேர்ந்த படம் என்றால் 70. ஐம்பது லேயர் போட்டால் மூன்றரை ஜிபி. வெற்றிடம் அதிகமுள்ள லேயர்கள் குறைவாகவே எடுக்கும் என்பதால் நடைமுறையில் இதைவிடக் கம்மிதான். ஆக, நீங்கள் செய்யும் வேலைக்கு 16 ஜிபி ரேம் போதும்.

எதற்குச் செலவழிப்பது

நான் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. நாளை புது சிஸ்டம் வாங்கினாலும் கூடவே வரக்கூடிய பொருளுக்குத் தயங்காமல் செலவழியுங்கள். இந்த போர்டோடு சேர்ந்து சாகப்போகும் பொருளுக்குக் கையை இறுக்குங்கள்.

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தகடு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க், கூடவே வரும். உங்கள் போர்டில் சாட்டா இணைப்புதான் என்பதால் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி கேட்டு வாங்குங்கள். குச்சி மாதிரி இருக்கும் என்விஎம்இ வகையை "இதுதான் ஸ்பீடு" என்று கையில் திணித்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 500 ஜிபி போதும். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் எடுக்கச் சொல்லாதீர்கள். அதில் இருக்கும் பழுதையும் குப்பையையும் சேர்த்து ஏன் கொண்டுபோக வேண்டும்? விண்டோஸைப் புதிதாகப் போட்டு, படங்களை மட்டும் கொண்டுவாருங்கள். நாளை புது சிஸ்டம் வந்தால் இந்த எஸ்எஸ்டி அதில் இரண்டாவது டிஸ்க்காக உட்காரும்.

ரேம் கூட வராது. உங்களுடையது டிடிஆர்3, இப்போதைய போர்டுகளில் டிடிஆர்4, டிடிஆர்5 தான். ஆனாலும் இதற்கு மட்டும் விதிவிலக்கு கொடுப்பேன். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் புது ரேம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. பழைய டிடிஆர்3-க்கு அந்த அளவு அடிதடி இல்லை, செகண்ட்ஸில் கிடைக்கும். எச்81 போர்டில் இரண்டே ஸ்லாட், அதிகபட்சம் 16 ஜிபி. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். ஒன்று காலியாக இருந்தால் இன்னொரு 8 ஜிபி, 1600 வேகத்தில் வாங்கி மாட்டுங்கள். இரண்டிலும் 4 ஜிபி இருந்தால் இரண்டையும் கழற்றிவிட்டு 8 ஜிபியாக இரண்டு போட வேண்டியிருக்கும்.

யூபிஎஸ் கூட வரும். தோட்டத்து மோட்டார் ஓடும் நேரத்தில் லைட் மங்குகிறது என்றால் உங்களுக்கு அது ஆடம்பரம் இல்லை. இருக்கும் யூபிஎஸ்ஸில் பேட்டரி செத்துப்போய், வெறும் பெட்டியாக மேசைக்கு அடியில் கிடக்கிற வீடுகள்தான் அதிகம். பேட்டரியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

வெளி டிஸ்க், எஸ்எஸ்டி, ரேம், சுத்தம் செய்யும் கூலி எல்லாம் சேர்த்து பன்னிரண்டிலிருந்து பதினைந்தாயிரத்துக்குள் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ஆயிரம், இரண்டாயிரம் முன்னே பின்னே இருக்கலாம். ஏழு நிமிஷம் ஆனது ஒரு நிமிஷத்துக்குள் வரும்.

கணவருக்கும் கொழுந்தனாருக்கும்

கணவர் சொல்லும் ஐ7, இந்த போர்டில் பொருந்தும் 4770 அல்லது 4790 வகையாகத்தான் இருக்கும். ஐ5-லும் நான்கு கோர், இதிலும் நான்கு கோர். படம் வரையும் வேலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதுவும் பத்து வருஷப் பழைய பொருள், போர்டோடு போகும். வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டு பற்றிய நம்பிக்கை நம் ஊரில் மிகப் பலமானது. முப்பரிமாண வேலைக்கும், வீடியோ எடிட்டிங்குக்கும், விளையாட்டுக்கும் அது தேவை. தட்டையான ஓவியத்துக்கு அதன் பங்கு கம்மி. கான்வாஸைச் சுழற்றுவது, பெரிதாக்குவது, சில ஃபில்டர்கள், அவ்வளவுதான். உங்கள் கார்டு பழசு, புது ஃபோட்டோஷாப் கேட்கும் தகுதி அதற்கு இல்லை என்பது உண்மை. அதற்காகக் கார்டுக்குத் தனியாகப் பதினைந்தாயிரம் போடுவதைவிட அந்தப் பணத்தை மானிட்டருக்கு வைக்கலாம்.

கேமிங் லேப்டாப்பில் நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பங்கு அந்தக் கார்டுக்குத்தான் போகிறது. விலை குறைந்த மாடல்களில் திரையில் கை வைத்துவிடுவார்கள். விவரக் குறிப்பில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று போட்டிருந்தால் நிறம் வெளுத்த திரை என்று அர்த்தம். எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான திரை நிற அளவை முழுசாகக் காட்ட ஏறக்குறைய 72 சதவீதம் வேண்டும். மாம்பழ மஞ்சளைப் பற்றிக் கவலைப்படும் நீங்கள் அந்தத் திரையில் வரைந்தால் கவலை இரட்டிப்பாகும். தவிர, நீங்கள் வெளியூர் சுமந்து போவதில்லை. வீட்டில் மேசை முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு டெஸ்க்டாப்தான் லாபம். ஒரு பாகம் போனால் ஒரு பாகத்தை மாற்றலாம்.

அந்த மஞ்சள் விஷயத்துக்கு இரண்டு காரணம். பதினெட்டரை இன்ச் பழைய மானிட்டர்கள் பெரும்பாலும் டிஎன் வகை. தலையை ஏற்றி இறக்கினாலே நிறம் மாறும். ஐபிஎஸ் வகையில் எஸ்ஆர்ஜிபி 99 சதவீதம் என்று எழுதியிருக்கும் மானிட்டர் பாருங்கள், இதுவும் கூட வரும் பொருள்தான். இரண்டாவது, திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சகம் நான்கு மையால் காட்டுகிறது. பளீர் கிளிப்பச்சை, மின்னும் நீலம் எல்லாம் மையில் வரவே வராது. செந்தூரா மாம்பழத்தின் மஞ்சளுக்கு, மஞ்சள் நூறு, மெஜந்தா இருபது முப்பது என்று எண்ணைப் பார்த்து நிறம் வையுங்கள், கண்ணை மட்டும் நம்பாதீர்கள். அச்சகத்தில் ஒரு முறை நிற அட்டை ஒன்று அடித்து வாங்கி மேசையில் ஒட்டிக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

விண்டோஸ் 10, அப்புறம் அந்த ஃபோட்டோஷாப்

அந்த அறிவிப்பு வைரஸ் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. கணினி நின்றுவிடாது, பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வராது. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு கொடுத்தார்கள். 22எச்2 என்ற கடைசிப் பதிப்பு இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளை ஒத்திசைத்தால் பணம் கட்டாமலே அதில் சேரலாம். விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை இன்டெல்லும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும், உங்களுடையது நான்காம் தலைமுறை. "நான் போட்டுத் தர்றேன்" என்று குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. ஓடும். ஆனால் நாளைக்கு அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சோறு போடும் மெஷினில் இந்தப் பரிசோதனை வேண்டாம்.

ஃபோட்டோஷாப் பற்றி நீங்கள் வெட்கப்பட்டு எழுதியதால் நான் திட்டப் போவதில்லை. நிலவரத்தை மட்டும் சொல்கிறேன். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. வியாபாரத்துக்காக இல்லாமல் பயன்படுத்தியவருக்குச் சிறை இல்லாமல் விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் இதில் சம்பாதிப்பதால் அந்தச் சலுகையை நம்பியிருக்க முடியாது. வீடு தேடி யாரும் வரப்போவதில்லை என்று கடைக்காரர் சொல்லுவார். வரலாம் வராமலும் போகலாம். அதைவிடப் பக்கத்தில் இருக்கும் ஆபத்து, மென்பொருள் பூட்டை உடைக்கும் கிராக் என்ற பெயரில் உள்ளே வரும் கெட்ட நிரல்கள். பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன விண்டோஸ், அதில் கிராக், அதே சிஸ்டத்தில் நெட் பேங்கிங். இந்த மூன்றும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது.

வரைவதற்கு கிரிட்டா இருக்கிறது. முழுக்க இலவசம், ஓவியர்களுக்காகவே எழுதியது, அச்சகத்தின் நான்கு மை நிறமான சிஎம்ஒய்கே-யிலேயே வரையலாம், உங்கள் ஃபோட்டோஷாப் (பிஎஸ்டி) கோப்புகளைப் பெரும்பாலும் திறக்கும். எழுத்து லேயரும் எஃபெக்ட்டும் சில இடங்களில் கலையும், அவற்றைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அஃபினிட்டியும் 2025 அக்டோபர் கடைசியில் இலவசமாகிவிட்டது. பக்க அமைப்புக்கும் அச்சுக்கோப்பு தயாரிக்கவும் அது நன்றாக இருக்கும். கை பழக ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதம் மாம்பழ சீசனில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேபிள் வேலை குவியும் ஏப்ரல், மே, ஜூனில் சிஸ்டத்தையும் மாற்றாதீர்கள், மென்பொருளையும் மாற்றாதீர்கள்.

சங்கிலி

அடகு வைப்பது தவறு என்று உங்களுக்குப் பாடம் எடுக்க நான் யார்? நம் பக்கம் பாதித் தொழில் அடகுக்கடைப் பணத்தை முதலாகப் போட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறது. ஆனால் வருமானத்தைக் கூட்டாத பொருளுக்கு நகை போகக் கூடாது. 1,10,000 ரூபாய் சிஸ்டம் வந்ததும் மண்டிக்காரர் லேபிளுக்கு அதிகம் தரப்போவதில்லை. நேரம் மிச்சமாகும், அது உண்மை. அந்த நேரத்தில் பெரும்பகுதியைப் பதினைந்தாயிரத்திலேயே மிச்சம் பிடிக்க முடியும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஆக, இப்போது சரி செய்யுங்கள். புதியது வாங்கும் தேதியைத் தள்ளி வையுங்கள், மறந்துவிடாதீர்கள். விண்டோஸ் நீட்டிப்பு முடியும் சமயம் உங்கள் இலக்கு. அதற்குள் ஒவ்வொரு வேலைக்கும் வரும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். குறைவதற்குக் கடன்தான் வழி என்றால் முத்ரா திட்டத்தில் சிசு பிரிவு 50,000 ரூபாய் வரை, அடமானம் இல்லாமல். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு எடுத்து வைத்திருந்தால் வங்கியில் பேச வசதி. அது ஆதாரை வைத்து இலவசமாகவே செய்யக்கூடியது. ஏஜென்ட் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நீங்கள் மகளிர் குழுவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குழுவின் உள்கடன் வட்டியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது கேட்க வேண்டியது இவ்வளவுதான்: ஆறு கோர் பிராசஸர், 16 ஜிபி ரேம் (பின்னால் 32 ஆக்க ஸ்லாட் காலியாக), 512 ஜிபி அல்லது 1 டிபி என்விஎம்இ, பெயர் தெரிந்த கம்பெனியின் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி). தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், உள்ளமைந்த கிராபிக்ஸ் உள்ள பிராசஸராகவே எடுக்கலாம். வாக்கம் பேட் அப்படியே இதிலும் வேலை செய்யும். பட்ஜெட் இடித்தால் பெங்களூரு எஸ்பி ரோட்டில் கம்பெனிகளிலிருந்து கழித்துவிட்ட டெஸ்க்டாப்புகள் கிடைக்கும். எட்டாம் தலைமுறைக்குக் கீழே எதையும் தொடாதீர்கள். மிகச் சின்னப் பெட்டியாக இருந்தால் அதன் எஸ்எம்பிஎஸ் கம்பெனிக்கென்றே செய்த வடிவம், போனால் தருமபுரியில் மாற்றுக் கிடைக்காது.

கடைக்குப் போகும்போது

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாம், கேட்பது உங்கள் உரிமை. குடும்பப் போட்டோ அதில் இருக்கிறது. டிஸ்க்கோடு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து வேலையை முடித்து வாங்கி வாருங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். எஸ்எஸ்டிக்கும் மானிட்டருக்கும் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். "பில் போட்டா வரி சேரும்மா" என்ற பேச்சுக்கு மசிந்தால் வாரண்டி நேரத்தில் கையில் ஒன்றும் இருக்காது. செகண்ட்ஸ் ரேமுக்கு எத்தனை நாள் டெஸ்டிங் வாரண்டி என்பதையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இல்லாத பழுதைச் சொல்லிப் பணம் வாங்கினாலோ, நல்ல பாகத்தை மாற்றி வைத்தாலோ அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி கேள்வி கேட்கக்கூடிய விஷயம். முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். உங்கள் விஷயத்தில் இன்னும் பணம் கைமாறவில்லை, அதனால் இப்போதைக்கு அந்தக் கொட்டேஷன் தாளை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

3,000 ரூபாய் எக்ஸ்சேஞ்சுக்கு என் பதில் 'வேண்டாம்' என்பதுதான். புது சிஸ்டம் வந்த பிறகும் இந்தப் பழையதில் எஸ்எஸ்டியும் 16 ஜிபியும் இருக்கும். லினக்ஸ் மின்ட் போட்டு கிரிட்டாவைத் திறந்தால் உங்கள் பெண் வரைந்து பழகலாம். அவளும் கிறுக்கிக்கொண்டே இருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்களே. கொடுத்தே தீருவேன் என்றால் டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். அழித்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்கும் கோப்பைத் திரும்ப எடுப்பது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை.